கல்நார் போய் மரநார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊரிலிருந்து அண்ணன் போன் பண்ணினார். பெரியப்பா மகன். "தம்பி, பின்கட்டுக் கூரை ஒழுகுதுடா. இந்த மழைக்கு முன்னாடி ஷீட்டை மாத்திரணும். பழைய மாதிரியே சிமெண்ட் ஷீட் போட்டா செலவு கம்மி. உன் பங்கு எவ்வளவுன்னு சொல்லிடவா?"

"ஒரு வாரம் பொறுங்கண்ணே" என்றேன். பணத்துக்காகத்தான் யோசிக்கிறேன் என்று நினைத்திருப்பார். பணம் இல்லை விஷயம்.

அந்தக் கூரை பெரியப்பா போட்டது. ஒரு ஷீட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். ஊழியர் விலையில் வாங்கி, லாரியில் ஏற்றி, கூடவே வந்து இறக்கினார். "இது எனக்கப்புறமும் இருக்கும்டா" என்று ஷீட்டைத் தட்டித் தட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா சட்டையை வாசலில் உதறுவார், வெயிலில் பொடி மினுமினுக்கும். நாங்கள் பிள்ளைகள் அதில் கை நீட்டி விளையாடுவோம்.

நான் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கும்போது பெரியப்பா போய்விட்டார். வயது ஐம்பத்தெட்டு. கடைசி இரண்டு வருஷம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். முதலில் டி.பி. என்றார்கள், அப்புறம் ஆஸ்துமா என்றார்கள். பீடி குடித்ததால் என்று ஊரில் சொன்னார்கள் (பீடி குடித்தார், அதுவும் உண்மை). ஷீட் பொடிக்கும் அந்த இருமலுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் காகிதத்திலும் எழுதவும் இல்லை.

அந்த ஒரு வாரத்தில் ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ராத்திரி படித்தேன். "கூரை மாத்துறதுக்கு பி.எச்.டி. பண்றீங்களா?" என்று தங்கமணி கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகிவிட்டது. படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். நம்மில் பல பேருக்கு ஊரில் இப்படி ஒரு கூரை இருக்கும்.

(டிஸ்கி: அடியேன் காமர்ஸ் பட்டதாரி. கெமிஸ்ட்ரி பத்தாம் வகுப்போடு சரி. எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.)

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. சிமெண்டுக்குள் நார் எதற்கு?

சிமெண்ட் அமுக்கினால் தாங்கும், இழுத்தாலோ வளைத்தாலோ விட்டுவிடும். அமுக்குவதைத் தாங்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இழுவைக்கு உண்டு என்கிறார்கள். அதனால்தான் தூணுக்கும் தளத்துக்கும் கம்பி கட்டுகிறோம். ஆனால் கால் அங்குல கனத்தில் ஒரு ஷீட் செய்யவேண்டுமென்றால் அதற்குள் கம்பி எங்கே போடுவது? விரிசல் விழும்போது இரண்டு பக்கத்தையும் பிடித்து நிறுத்த ஏதாவது நார் வேண்டும். நம் பாட்டன் பூட்டனுக்கு இது தெரிந்த சங்கதிதான். மண்சுவர் வைக்கிறவர்கள் மண்ணோடு வைக்கோலைப் போட்டு மிதித்தது இதற்குத்தான்.

இனி கதை ஆஸ்திரியாவுக்குப் போகிறது. லுட்விக் ஹாட்செக் என்று ஒருவர். ஃபோக்லாப்ரூக் என்ற ஊரில் தொழிற்சாலை வைத்திருந்தார். 1900 வாக்கில் சிமெண்டையும் ஆஸ்பெஸ்டாஸையும் தண்ணீரில் கரைத்து, காகித அட்டை செய்கிற மெஷினில் ஓட்டிப் பார்த்தார். மெல்லிய படலம் படலமாக உருளையில் சுற்றிச் சேர்ந்து ஷீட் வந்தது. சுமார் பத்துப் பங்கில் ஒன்பது பங்கு சிமெண்ட், ஒரு பங்கு ஆஸ்பெஸ்டாஸ். தீப்பிடிக்காது, மக்காது, கரையான் அரிக்காது. 1901-ல் காப்புரிமை வாங்கி, 'நித்தியம்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 'எடர்னிட்' என்று பெயர் வைத்தார். உலகம் பூராவும் அந்த முறை பரவியது. ஷீட் கம்பெனிகளில் இன்றும் ஓடுவது 'ஹாட்செக் மெஷின்'தான்.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். சரியான பெயர். பூமிக்கடியில் கல்லாகவே கிடக்கும், தட்டினால் நார் நாராகப் பிரியும். ஹாட்செக் ஓட்டியது மரக்கூழை அட்டையாக்கும் மெஷின். அதில் மரநாருக்குப் பதில் கல்நாரைப் போட்டார். மரநார் திரும்பி வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் நடந்ததுதான் இந்தக் கதையின் கணக்கு.

கணக்கு என்றேன் இல்லையா, வருஷ வாரியாகவே எழுதிவிடுகிறேன்.

1898. ஹாட்செக்குக்கு முன்னாலேயே, இங்கிலாந்தில் லூசி டீன் என்ற பெண் தொழிற்சாலை ஆய்வாளர், கல்நார்ப் பொடி தொழிலாளிகளின் உடம்பைக் கெடுக்கிறது என்று அரசாங்க அறிக்கையில் எழுதிவிட்டார்.

1906. மாண்டேகு மரே என்ற லண்டன் டாக்டர், தன்னிடம் வந்து இறந்துபோன ஒரு கல்நார்த் தொழிலாளியின் நுரையீரல் பற்றி அரசுக் குழு முன் சாட்சி சொன்னார்.

1924. ராச்டேல் ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் 33 வயதில் இறந்தார். கல்நார் நூற்கிற ஆலையில் வேலை பார்த்தவர். நஷ்டஈடு தர ஆலை மறுத்துவிட்டது. டாக்டர் குக் அந்த நுரையீரலை ஆராய்ந்து மருத்துவ இதழில் எழுதினார். பிறகு நோய்க்கு 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்று பெயர் வந்தது.

1931. பொடியைக் கட்டுப்படுத்த பிரிட்டன் விதிமுறை கொண்டுவந்தது.

1955. நுரையீரல் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் தொடர்பு உண்டு என்று ரிச்சர்ட் டால் எண்களோடு காட்டினார்.

1960. தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் சகாக்களும், கல்நார்ச் சுரங்கப் பகுதியில் 'மீசோதீலியோமா' என்ற அரிய புற்றுநோய் கூட்டமாக வருவதைக் கண்டார்கள். சுரங்கத்தில் வேலை பார்க்காமல் அந்தப் பக்கம் குடியிருந்தவர்களுக்கும் வந்திருந்தது.

இந்த நோய்கள் வருவதற்கு இருபது, முப்பது, நாற்பது வருஷம் கூட ஆகும். எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால் லாபம் இந்த வருஷக் கணக்கில் வந்துவிடும், நஷ்டம் அடுத்த தலைமுறைக் கணக்கில் வரும். நடுவில் யாரும் அதற்கு புரொவிஷன் போடவில்லை.

புரொவிஷன் என்றதும் ஒரு கதை. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹார்டி கம்பெனி பல காலம் கல்நார் ஷீட் செய்தது. பாதிக்கப்பட்டவர்களின் நஷ்டஈட்டுக்காக 2001-ல் ஒரு தனி அமைப்பை உண்டாக்கி சுமார் 29 கோடி ஆஸ்திரேலிய டாலர் சொத்தை ஒதுக்கினார்கள். 2004-ல் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து பார்த்தபோது, தேவை 150 கோடி டாலருக்கும் மேல் என்று தெரிந்தது. ஐந்தில் ஒரு பங்குதான் ஒதுக்கியிருந்தார்கள். வாராக்கடனுக்கு இப்படி ஒதுக்கினால் எங்கள் ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மரநார் திரும்பி வந்ததும் அதே கம்பெனி வழியாகத்தான். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் ராபர்ட் கூட்ஸ் போன்றவர்கள் 1970களின் இறுதியிலிருந்து மரக்கூழ் நாரை சிமெண்டில் போட்டு ஆராய்ந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் கல்நார் இல்லாத, மரக்கூழ் நார் சிமெண்ட் ஷீட் அங்கே கடைக்கு வந்தது. அதே ஹாட்செக் மெஷின், உள்ளே போகிற நார்தான் வேறு.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? முழுக்க இல்லை. சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் சுண்ணாம்பு மாதிரி கடும் காரம். செடி நாரில் செல்லுலோஸோடு ஒட்டியிருக்கும் மற்ற பொருட்களை அது மெல்ல அரித்துவிடும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து நார் விறைத்துப் போகும். அதுபோக நாரிலிருந்து கசியும் சர்க்கரை சிமெண்டை இறுகவிடாது. (சிமெண்டில் சர்க்கரை விழுந்தால் செட் ஆகாது என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்.) சரி, நாரையே வேண்டாதது எல்லாம் போகிற அளவுக்கு இன்னும் பொடியாகப் பிரித்தால் என்ன? இங்கேதான் நானோசெல்லுலோஸ் வருகிறது.

செல்லுலோஸை 1838-ல் தனியாகப் பிரித்துக் காட்டியவர் பிரான்சின் அன்செல்ம் பாயன். மரமானாலும் பருத்தியானாலும் வைக்கோலானாலும் எல்லாவற்றுக்கும் எலும்பு அதுதான். 1950 வாக்கில் ஸ்வீடனில் பெங்ட் ரோன்பி செல்லுலோஸைக் கந்தக அமிலத்தில் வேகவைத்தார். தளர்ந்த பகுதிகள் கரைந்து, கட்டுக்கோப்பான குட்டிப் படிகங்கள் மட்டும் மிஞ்சின. அகலம் சில நானோமீட்டர், அதாவது தலைமுடியின் கனத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. விறைப்புத்தன்மை சுமார் 140 கிகாபாஸ்கல் என்று கணக்கிடுகிறார்கள். எஃகுக்கு அது 200. ஆனால் எடையோ எஃகில் ஐந்தில் ஒரு பங்கு.

இன்னொரு வழி அமெரிக்காவில் கிடைத்தது. 1970களின் பிற்பகுதியில் ஐ.டி.டி. ரேயோனியர் கம்பெனியில் டர்பக், ஸ்னைடர், சாண்ட்பெர்க் மூவரும், பாலை ஒருசீராக்குகிற ஹோமோஜினைசர் மெஷினில் மரக்கூழை விட்டு அழுத்தினார்கள். தண்ணியாகப் போனது கூழாக வந்தது. நார் இழை இழையாகப் பிரிந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. 1983-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆக இரண்டு ஜாதி. அமிலத்தில் மிஞ்சும் குட்டைப் படிகம் ஒன்று, மெஷினில் பிரியும் நீள இழை ஒன்று.

நீள இழைக்கு வில்லன் கரண்ட் பில். ஆரம்ப காலத்தில் ஒரு டன் செய்ய 20,000 முதல் 30,000 யூனிட் வரை ஆனது சகஜம். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துப் பாருங்கள், மின்சாரம் மட்டும் டன்னுக்கு 1.6 லட்சத்திலிருந்து 2.4 லட்சம். இந்த பிராஜக்ட் ரிப்போர்ட்டோடு யாராவது லோன் கேட்டு வந்திருந்தால் டீ கொடுத்து அனுப்பியிருப்பேன். பிறகு நொதிகளாலும் ரசாயனத்தாலும் நாரை முன்கூட்டியே தளர்த்தி, செலவை வெகுவாகக் குறைத்தார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இசோகாய், சைட்டோ குழு 2006-ல் சொன்ன முறை அதில் முக்கியமானது. 2015-ல் வனத்துறை ஆய்வுக்கான மார்கஸ் வாலன்பெர்க் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

சிமெண்டுக்கு முன்னால் பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான் இதை முயன்று பார்த்தன. 1995-ல் பிரான்சின் கிரெனோபிளில் ஃபாவியே குழு, ஒரு கடல் உயிரியின் தோலிலிருந்து எடுத்த செல்லுலோஸ் ஊசிகளை லேட்டக்ஸில் கலந்து, சில சதவீதமே கலந்தாலும் விறைப்பு பல மடங்கு ஏறுவதைக் காட்டியது. ஊசிகள் ஒன்றையொன்று தொட்டு உள்ளே ஒரு வலை பின்னிக்கொள்வதுதான் காரணம். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகம் முன்னின்று, பாகங்களில் இந்த இழை கலந்த ஒரு காரையே செய்து 2019 டோக்கியோ கார் கண்காட்சியில் வைத்தார்கள்.

சிமெண்டில்? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2015-ல் வெளிவந்த ஆய்வு எனக்குப் பிடித்தது. சிமெண்டின் கொள்ளளவில் 0.2 சதவீதம் படிகம் சேர்த்ததும் வளைவு பலம் 20 முதல் 30 சதவீதம் கூடியது. ஐம்பது கிலோ மூட்டைக்கு எவ்வளவு என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். சுமார் ஐம்பது கிராம்! ஒரு சோப்புக் கட்டி எடை கூட இல்லை.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று. இந்தப் படிகம் வைக்கோல் மாதிரி விரிசலைப் பிடிப்பதால் மட்டும் பலம் கூடவில்லை. சிமெண்ட் துகளைச் சுற்றி இறுகும்போது வெளியே ஓடு கட்டிவிடும், உள்ளே தண்ணீர் போகாது, நடுவில் கொஞ்சம் சிமெண்ட் வேலை செய்யாமலே கிடக்கும். இந்தப் படிகங்கள் அந்த ஓட்டுக்குள் தண்ணீருக்கு வழி விடுகின்றன என்கிறார்கள். முடங்கிக் கிடந்த சிமெண்டும் வேலைக்கு வருகிறது. (செயல்படாத சொத்து செயல்படும் சொத்தாகிறது. ஹி ஹி.) அளவு மீறினால் படிகங்கள் கட்டி தட்டிப்போய் பலம் இறங்கிவிடும். உலகக் கரியமில வாயுவில் சுமார் 7, 8 சதவீதம் சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது. போட்ட சிமெண்டை முழுசாக வேலை வாங்கினால் அதுவே லாபம்தான். 2020-ல் வடக்கு கலிபோர்னியாவில் மாஃபெட் கிரீக் ஓடையின் மேல், இந்தப் படிகம் கலந்த கான்கிரீட்டில் ஒரு சின்னப் பாலமே கட்டிவிட்டார்கள்.

படித்ததிலேயே என்னை நிறுத்தி வைத்த இடம் கனடாவில் இருக்கிறது. கியூபெக் மாநிலத்தில் ஒரு ஊர். ஊரின் பெயரே 'ஆஸ்பெஸ்டாஸ்'. நூறு வருஷத்துக்கு மேல் கல்நார் தோண்டினார்கள். அந்த நாட்டுக் கல்நாரைப் பெருமளவில் வாங்கியதில் நம் இந்தியாவும் ஒன்று. 2011-ல் அங்கே சுரங்கம் ஓய்ந்தது. 2020-ல் ஊர்ப் பெயரையும் மாற்றிவிட்டார்கள். அதே வட்டாரத்தில், நாற்பது கிலோமீட்டருக்குள் வின்ட்சர் என்ற காகித ஆலை ஊர். சுரங்கம் ஓய்ந்த மறு வருஷம், 2012 ஜனவரியில், அங்கே மரக்கூழிலிருந்து நாளுக்கு ஒரு டன் நானோசெல்லுலோஸ் செய்யும் ஆலை திறந்தது. பெரியப்பா கையால் அள்ளிப் போட்ட நார் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வரைபடத்தில் அந்த இரண்டு ஊரையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நம் நாட்டு விஷயம். கல்நார்த் தொழிலாளிகளுக்காக அகமதாபாத்தின் நுகர்வோர் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் தொழிலாளியின் ஆரோக்கியம் அவருடைய அடிப்படை உரிமை என்று தீர்ப்பு சொன்னது. அவர்களின் உடல்நலப் பதிவேட்டை நாற்பது வருஷம் வைத்திருக்கச் சொன்னது. பெரியப்பா அப்போது உயிரோடு இருந்தார். எங்கள் வீட்டில் அந்தத் தீர்ப்பைப் பற்றி யாருக்கும் தெரியாது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. நாம் தோண்டுவதை விட்டுவிட்டோம், ஆனால் இறக்குமதி செய்து ஷீட் போடுகிறோம்.

இங்கே மாட்டுங்காவில் ஆடன்வாலா ரோட்டில் மத்திய அரசின் பருத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1924-ல் தொடங்கியது. கோயிலுக்கும் காய்கறிக்கும் போகும்போது எத்தனையோ தடவை அந்தப் பக்கமாக நடந்திருக்கிறேன். பருத்திக் கழிவிலிருந்து நானோசெல்லுலோஸ் செய்யும் முன்னோடி ஆலை ஒன்று அங்கே இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. கிலோக் கணக்கில்தான், டன் கணக்கில் இல்லை. அங்கிருந்து தாராவி எட்டி நடக்கிற தூரம். அங்கே எத்தனை குடும்பம் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே தூங்குகிறது!

உடனே "கண்டுபிடித்துவிட்டார்கள், இனி கவலை இல்லை" என்று முடிக்க எனக்கு மனசு வரவில்லை. 1900-ல் கல்நாரும் இப்படித்தான் அதிசயப் பொருளாக வந்தது. இந்த மரநாரும் கண்ணுக்குத் தெரியாத நார்தான். மனித நுரையீரலில் செல்லுலோஸைக் கரைக்கும் நொதி கிடையாது. எலிகளை வைத்துச் செய்த சோதனைகளில் சில வகைகள் நுரையீரலில் அழற்சி உண்டாக்கியிருக்கின்றன. ஆறுதலான விஷயங்களும் உண்டு. படிகங்கள் கல்நார் இழையைவிட மிகக் குட்டை. செல்களில் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வில் கல்நாரைவிடக் கேடு குறைவாகவே தெரிந்தது. பெரும்பாலும் தண்ணீரில் கூழாகவே வருவதால் பறக்காது. ஆனால் ஆலையில் உலர்த்தி மூட்டை கட்டுகிற இடத்தில் ஒருவர் நிற்பார் இல்லையா? அந்த ஆளின் மூச்சை முதல் வருஷத்திலிருந்தே அளந்து எழுதி வைக்கவேண்டும். லூசி டீன் எழுதியும் யாரும் கேட்காததால் வந்த வினையைத்தான் இத்தனை பக்கம் படித்தேன். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். சிமெண்டோடு சேர்ந்த நார் யாரைச் சேர்ந்தது என்பதைப் பெரியம்மாவைக் கேட்டால் தெரியும்.

சரி, கூரைக்கு வருகிறேன். நானோசெல்லுலோஸ் ஷீட் எதுவும் எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது. ஆனால் கல்நார் இல்லாத, செயற்கை நாரும் மரக்கூழும் கலந்த ஷீட் கிடைக்கிறது. விலை கூடத்தான். அண்ணனைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னேன்.

ஒன்று, 'ஃபைபர் சிமெண்ட்' என்று கடைக்காரர் சொன்னால் அதோடு விடாதீர்கள். கல்நாரும் ஃபைபர்தான். எந்த நார் என்று கேட்டு, ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

இரண்டு, பழைய ஷீட்டைத் தண்ணீர் அடித்து நன்றாக நனைத்து, ஜே போல்ட்டைக் கழற்றி, முழுசு முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அறுக்கக்கூடாது, உடைக்கக்கூடாது, காய்ந்த பொடியைக் கூட்டக்கூடாது. ஆட்களுக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள், துண்டு கட்டினால் போதாது. உடைத்துப் பள்ளத்தில் கொட்டிவிடாதீர்கள். சும்மா கிடக்கிற ஷீட் பெரிதாக ஒன்றும் செய்யாது, உடைத்தால்தான் வம்பு.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தம்பி, அப்பாவுக்கு அதனாலதான்னு சொல்றியா?" என்றார்.

"தெரியலைண்ணே. யாரும் எழுதி வைக்கலை" என்றேன்.

போன வாரம் வேலை முடிந்தது. கூடுதல் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். பெரியம்மாவை அந்த நான்கு நாளும் அக்கா வீட்டில் விட்டிருந்தார்கள். நெஞ்சை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன், ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. இறக்கிய ஷீட் பதினாறும் ஒன்றுகூட உடையாமல், பிளாஸ்டிக் தாளில் சுற்றி பின்பக்கச் சுவரோரம் நிற்கின்றன என்று அண்ணன் போட்டோ அனுப்பியிருந்தார்.

பெரியப்பா சொன்னது சரிதான். அவருக்கப்புறமும் இருக்கின்றன.